துருவேறா உலோகங்களைப் பேணும் முறை

தமிழ் இல்லங்களில் "எவர்சில்வர்" என்று வழங்கும் உலோகத்தில் வெள்ளி அணுவளவும் இல்லை. என்றும் வெள்ளிபோல் ஒளிரும் என்ற பொருளில் வணிகர் இட்ட பெயர் அது. நாளடைவில் அதுவும் தேய்ந்து, வெறும் "சில்வர்" ஆகிவிட்டது. பாடநூல்கள் அதனைத் துருவேறா உருக்கு என்றும், கறையில் உருக்கு என்றும் குறிக்கின்றன. எப்பெயரால் அழைத்தாலும், அப்பெயரிலேயே ஓர் உறுதிமொழி அடங்கியிருக்கிறது: இது மங்காது, கறைபடாது, துருப்பிடியாது என்பதே அந்த உறுதிமொழி. கடையிற் பணங் கொடுத்து வாங்குவோர் அதனை அப்படியே நம்பிவிடுகின்றனர். ஆறு மாதம் சென்றபின் பாத்திரத்தின் அடியிற் குண்டூசி முனையளவான பழுப்புப் புள்ளிகள் தோன்றும்போது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினக்கின்றனர். சில வேளைகளில் அச்சினம் நியாயமானதே. பெரும்பாலும் குற்றம் கடையில் இல்லை, அடுக்களையிலேதான் இருக்கிறது.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. முன்னாளிற் பித்தளையும் செம்பும் வெண்கலமும் அடுக்களையை ஆண்டன. அவற்றைப் பேணும் முறை தாயிடமிருந்து மகளுக்கு வழிவழியாக வந்தது. பழப்புளியும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் கொண்டு கை சலிக்கத் தேய்ப்பார்கள். களிம்பேறிய பாத்திரத்திற் புளிக்கறி ஆக்கலாகாது என்பது சிறுமியர்க்கும் தெரிந்திருந்தது. சமையற் பாத்திரங்களின் உட்புறத்துக்கு வெள்ளீயம் பூசுவிப்பதும் வழக்கம். பித்தளையைத் தேய்க்குந்தோறும் அதன் மேற்பரப்பு சிறிது கழன்று போகும்; உள்ளிருக்கும் புதிய உலோகம் பளிச்சென்று தோன்றும். ஆகவே, அழுத்தித் தேய்த்தலே துப்புரவு என்னும் எண்ணம் அக்காலத்து மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. துருவேறா உருக்கு வந்தபோது மக்கள் இருவகையாக நடந்துகொண்டனர். ஒருசாரார் பழைய வழக்கப்படியே அதனை மண்ணும் கம்பிச் சுருளும் கொண்டு உராய்ந்தனர். மறுசாரார், துருவேறாததற்குப் பராமரிப்பு எதற்கு என்று, குழம்பு ஆக்கிய பாத்திரத்தை மறுநாட் காலைவரை அப்படியே விட்டுவைத்தனர். இவ்விரு செயலும் தீங்கானவை. ஏன் தீங்கானவை என்பதை அறிய, இவ்வுலோகம் துருவேறாமல் நிற்கும் சூட்சுமத்தை முதலில் அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தில் ஷெபீல்ட் என்னும் நகரம் கத்திகளுக்குப் பேர்போனது. அங்கே உருக்காலை ஆய்வுகூடம் ஒன்றில் ஹரி பிரியர்லி என்பவர் பணியாற்றினார். துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் வெடிமருந்தின் வெம்மையாலும் உராய்வாலும் விரைவில் அரித்துப் போவதைத் தடுக்க ஒரு வழி காணுமாறு அவரிடம் கேட்கப்பட்டது. உருக்கிற் குரோமியம் என்னும் உலோகத்தை வெவ்வேறு அளவிற் கலந்து அவர் சோதித்தார். 1913 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வார்க்கப்பட்ட ஓர் உருக்கில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் இருந்தது. உருக்கின் நுண்ணமைப்பை உருப்பெருக்கியாற் காண்பதற்கு அதனை முதலில் அமிலத்தால் அரிப்பித்தல் ஆய்வாளர் வழக்கம். இந்த உருக்கோ அவ்வமிலத்துக்கு எளிதில் இணங்கவில்லை. வினாகிரியும் எலுமிச்சஞ் சாறும் அதிற் கறை உண்டாக்கவில்லை. குழலுக்கு எனத் தேடிய பொருள் கத்திக்கு உரியது என்று பிரியர்லி கண்டுகொண்டார். அவர் அதனைத் துருவற்ற உருக்கு என்றே அழைத்தார். கத்தித் தொழிற்சாலை முகாமையாளரான ஏனஸ்ட் ஸ்டூவட் என்பவர் அதனை வினாகிரியில் இட்டுப் பார்த்தபின், கறையற்ற உருக்கு என்னும் பெயரைச் சூட்டினார். அதுவே ஆங்கிலத்தில் நிலைத்தது. தொடக்கத்தில் இவ்வுருக்கைச் சரிவரப் பதப்படுத்தத் தொழிலாளர் அறியாராயினர். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியை ஷெபீல்டிலே எள்ளி நகையாடியவர்களும் உண்டு.

ஏறத்தாழ அதே காலத்தில், 1912 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் எசென் நகரிலுள்ள கிறுப் ஆலையில் எடுவார்ட் மவுரர், பென்னோ ஸ்திராவுஸ் என்னும் இருவர் குரோமியத்தோடு நிக்கலையும் கூட்டி வேறொரு வகை உருக்கை ஆக்கினர். இன்று சட்டி, பானை, தட்டு, குவளை ஆகியவை பெரும்பாலும் அந்த ஜேர்மானிய வகையின் வழிவந்தவை. கத்தி மாத்திரம் பிரியர்லியின் வழியில் நிற்கிறது. இவ்வேறுபாடு பராமரிப்பில் முக்கியமானது என்பது பின்னர்த் தெளிவாகும்.

இரும்பு துருப்பிடிக்கிறது என்றால், காற்றிலுள்ள ஒட்சிசனும் ஈரமும் சேர்ந்து அதனைத் தின்கின்றன என்பது பொருள். அவ்வாறு உண்டாகும் துரு, தான் தோன்றிய உலோகத்தினும் பருமனிற் பெரியது; பொருக்குப் பொருக்காக உதிர்வது. உதிர்ந்த இடத்திற் புதிய இரும்பு வெளிப்படும், அதுவும் துருவாகும். இப்படியே இரும்பு முழுவதும் அழியும். குரோமியம் கலந்த உருக்கையும் ஒட்சிசன் தாக்கவே செய்கிறது. ஆயின், அத்தாக்குதலில் உண்டாகும் குரோமியம் ஒட்சைட்டு உதிர்வதில்லை. அது உலோகத்தோடு இறுகப் பற்றி, கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய தோலாகப் படர்கிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால், அவற்றுட் சில கூறுகளே அத்தோலின் தடிப்பு. அவ்வளவு மெல்லிய போர்வையே உள்ளிருக்கும் இரும்பையெல்லாம் காத்து நிற்கிறது. நூற்றுக்குச் சுமார் 10.5 பங்கேனும் குரோமியம் இருந்தாலன்றி அப்போர்வை முழுமையாக உண்டாவதில்லை.

இத்தோலின் பெருஞ் சிறப்பு வேறொன்று. கத்தியாற் கீறினாலும், தும்பால் உரைத்தாலும், கீறிய இடத்திற் காற்றுப் பட்டவுடன் புதிய தோல் தானாகவே மூடிக்கொள்கிறது. சிறு காயம் ஆறிப் புதுத்தோல் வளர்வதைப் போன்றது இது. பித்தளையின் பளபளப்பு உழைப்பினால் வருவது. துருவேறா உருக்கின் பளபளப்போ காற்றினாலும் துப்புரவினாலும் நிலைப்பது. பரப்பு சுத்தமாகவும் உலர்ந்தும் காற்றாடவும் இருக்கும்வரை அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அழுக்குப் படிந்தோ, ஈரங் கட்டியோ, காற்றுப் புகாத மூலையிலோ கிடந்தால், தோல் கிழிந்த இடம் ஆறுவதற்கு வழியில்லை.

இத்தோலுக்குக் கொடிய பகை உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு, தோலின் பலவீனமான ஓரிடத்தைத் தேடித் துளைக்கிறது. துளை மிகச் சிறியது. ஆனால், அதனுட் புகுந்த நீர் வெளியேறாது தேங்குகிறது; அங்கே ஒட்சிசன் குறைகிறது; அமிலத்தன்மை பெருகுகிறது. மேலே முழுமையான தோல் மின்ன, அடியில் உலோகம் குடையப்படுகிறது. பல் சொத்தை பிடிக்கும் விதத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வெளியே சிறு கரும்புள்ளி, உள்ளே பெருங்குழி. நாளடைவிற் பாத்திரம் ஓட்டையாவதும் உண்டு.

ஆகவே, உலைவைக்கும் முறையிலேயே ஒரு கவனம் தேவைப்படுகிறது. குளிர்ந்த நீரிற் கல்லுப்பை இட்டுப் பின்னர் அடுப்பேற்றுவது பலர் வழக்கம். அவ்வாறு செய்தால் உப்புக்கற்கள் கரையாது அடியில் தங்கி, தங்கிய இடத்திற் செறிந்த உப்புநீரை உண்டாக்கும். அடியில் முதன்முதல் தோன்றும் புள்ளிகள் இவ்வாறு வந்தவையே. நீர் கொதித்த பின்னர் உப்பிட்டு, அகப்பையாற் கலக்கிவிட்டால் இத்தொல்லை இல்லை. உப்புப் போட்டுவைக்கும் பாத்திரமாக இவ்வுருக்கைப் பயன்படுத்தவே கூடாது. உப்புக்கு மண்சாடியும் மரப்பெட்டியும் என்று முன்னோர் வகுத்தது எத்துணை அறிவுடைய செயல்! ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் கண்ணாடிப் பரணியே தக்கது. புளிக்குழம்பும் சொதியும் இதிற் சமைப்பதால் யாதொரு தீங்கும் இல்லை. சமைத்தபின் இரவு முழுவதும் அதிலேயே விட்டுவைப்பதுதான் தீங்கு. புளிப்பும் உப்பும் கூடி, பல மணிநேரம் அசையாது நின்றால், எவ்வளவு உயர்ந்த உருக்கானாலும் அதன் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு.

கடலோரத்தில் வாழ்வோர் மற்றொன்றையும் கவனித்திருப்பர். யன்னற் கம்பி, கதவுப்பூட்டு, கைப்பிடிச்சட்டம் முதலியன துருவேறா உருக்காற் செய்யப்பட்டிருப்பினும், சில மாதங்களிற் தேநீர் நிறமான கறை அவற்றிற் படர்கிறது. கடற்காற்றுச் சுமந்து வரும் உப்பே காரணம். மழை நேரே வீழ்ந்து கழுவும் பகுதி துப்புரவாக இருக்க, கூரைத் தாழ்வாரத்தின் கீழே மழை படாத பகுதியே அதிகம் கறைபடுகிறது. நல்ல நீரால் அடிக்கடி கழுவித் துடைத்தலே இதற்கு மருந்து. கடலருகே வீடு கட்டுவோர் மொலிப்டினம் என்னும் உலோகம் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு கலந்த வகையைக் கேட்டு வாங்குதல் நன்று. வணிகர் அதனை 316 என்னும் இலக்கத்தாற் குறிப்பர். சாதாரண வகையின் இலக்கம் 304.

உப்பின் உறவினன் ஒருவன் இன்று வீடுதோறும் புகுந்திருக்கிறான். அவன் வெளிற்றும் திரவம். நிலத்தையும் மலசலகூடத்தையும் வெள்ளைத் துணியையும் துப்புரவாக்க வல்ல அந்தக் குளோரீன் திரவத்தைப் பாத்திரக் கறைக்கும் சிலர் ஊற்றுகின்றனர். கறை போகும், கூடவே தோலும் போகும். கிணற்றுக்கு இடும் குளோரீன் தூளைக் கலக்குவதற்கும் துருவேறா உருக்கு வாளி ஏற்றதன்று. பிளாஸ்திக் வாளியே ஏற்றது. இதைவிடப் பெரிய அபாயம் வேறுண்டு. வெளிற்றும் திரவம் ஊற்றிய பாத்திரத்தில், கறை போகவில்லையே என்று வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ வேறு அமிலமோ ஊற்றினால், குளோரீன் வாயு எழும். மூடிய அடுக்களையில் அவ்வாயுவைச் சுவாசித்தால் நுரையீரல் புண்படும். உயிருக்கே இறுதி நேரலாம். பாத்திரம் கெட்டால் மற்றொன்று வாங்கலாம். இவ்விரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது என்பதை வீட்டிலுள்ள சிறுவர்க்கும் சொல்லிவைத்தல் வேண்டும்.

கம்பிச் சுருளைப் பற்றியும் கூறவேண்டும். கடையில் விற்கும் மெல்லிய இரும்புக் கம்பிச் சுருளாற் பாத்திரத்தை உரைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பரப்பிற் பதிந்துவிடுகின்றன. மறுநாள் அவை துருவாகி, பாத்திரம் முழுவதும் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். துருப்பிடித்தது பாத்திரம் அன்று. அதில் ஒட்டிய அயல் இரும்பு. ஈரமான இரும்புத் தாச்சியை இதன்மேற் கவிழ்த்து வைப்பதாலும் இவ்விதம் நேரும். அப்பச்சோடாவைச் சிறிது நீரிற் குழைத்து, மெல்லிய துணியால் மெதுவாகத் தேய்த்தால் அத்துகள்கள் அகலும். உடனே அகற்றாது விட்டால், அயலாரின் துரு அடியிலுள்ள தோலையும் கெடுத்துவிடும். தேங்காய்த் தும்பைப் பற்றிச் சிலர் ஐயுறுகின்றனர். தும்பு நல்லது, உருக்கினும் மென்மையானது. அதனோடு சேரும் மணலும் சலிக்காத சாம்பலுமே கீறலுக்குக் காரணம். தும்பும் சவர்க்காரமும் இருக்க, விலை கொடுத்துக் கம்பிச் சுருள் வாங்குவது தேவையற்ற செலவு.

அன்றாடத் துப்புரவுக்கு இளஞ்சூடான நீரும் சவர்க்காரமும் போதும். பரப்பில் மெல்லிய கோடுகள் ஓடும் பாத்திரமாயின், அக்கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்த்தல் வேண்டும். குறுக்கே தேய்த்தாற் கீறல் பளிச்சென்று தெரியும். கழுவியபின் சவர்க்காரம் எஞ்சாது அலம்பி, உலர்ந்த துணியாற் துடைத்துவிட வேண்டும். துடைப்பது அழகுக்காக மட்டும் அன்று. ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளுக்கிடையே நீர் தங்கும், காற்றுப் புகாது, மேலே கூறிய சொத்தை அங்கே தொடங்கும். பாத்திரத்தின் மடித்த விளிம்பு, கைப்பிடியைப் பொருத்திய ஆணியின் ஓரம், மூடியின் வளையம் ஆகிய இடுக்குகளே முதலிற் கெடுகின்றன. பழைய பற்றூரிகை ஒன்று இவ்விடங்களுக்கு வாய்ப்பான கருவி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடியிற் சுண்ணாம்புக்கல் பரந்து கிடத்தலால், கிணற்று நீர் பல இடங்களில் வன்னீராகும். அந்நீர் காய்ச்சும் கேத்திலின் உட்புறத்தில் வெண்ணிறப் பொருக்குப் படிகிறது. அது கல்சியம் காபனேற்று, பாத்திரத்தின் குற்றமன்று. அதனைச் சுரண்டுதல் வேண்டா. ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு மூன்று பங்கு நீர் சேர்த்துக் கேத்திலிற் காய்ச்சி, அரைமணி நேரம் விட்டால் பொருக்குக் கரைந்துவிடும். தேசிக்காய்ச் சாறும் பழப்புளிக் கரைசலும் அதனையே செய்யும். பித்தளைக்கு உதவிய அதே புளி இங்கும் உதவுகிறது. ஆனால், காரியம் முடிந்ததும் நல்ல நீரால் நன்றாக அலம்பிவிட வேண்டும்.

பாத்திரத்தை வெறுமையாக அடுப்பேற்றினாலோ, தீ மிகுந்தாலோ, அடியில் பொன்னும் நீலமும் ஊதாவும் கலந்த வானவில் நிறம் தோன்றும். இதனைக் கண்டு அஞ்சுவோர் உளர். தோல் சற்றுத் தடித்துவிட்டது, அவ்வளவே. எண்ணெய் படிந்த நீரில் நிறம் தோன்றுவது போல, தடித்த தோலிற் பட்ட ஒளியே நிறங்காட்டுகிறது. உணவுக்கு இதனாற் தீங்கில்லை. நிறத்தை விரும்பாதவர் வினாகிரி தோய்ந்த துணியாற் துடைத்தால் மறைந்துவிடும். சோறோ பாலோ அடிப்பிடித்தால் உடனே சுரண்டத் தொடங்குவது அவசரபுத்தி. அடி மறையும் அளவு நீர் விட்டு, இரண்டு கரண்டி அப்பச்சோடா இட்டு, கால்மணி நேரம் மெல்லக் கொதிக்கவைத்து ஆறவிட்டால், மர அகப்பையாலேயே பொருக்கு எழும்பிவிடும். கரி மிகவும் இறுகியிருப்பின் இரண்டாம் முறையும் செய்யலாம். பொறுமை கம்பிச் சுருளை விட மலிவானது.

கத்தியின் இயல்பு வேறு. கூர் நிற்பதற்கு உருக்குக் கடினமாக இருத்தல் வேண்டும். கடினத்துக்குக் காபன் கூடுதலாக வேண்டும். அக்காபனோடு குரோமியத்தில் ஒரு பகுதி பிணைந்துவிடுவதால், தோலுக்கு உதவுவது குறைகிறது. ஆகவே, அதே வீட்டிற் சோற்றுப்பானை பல்லாண்டு பழுதின்றி இருக்க, கத்தி ஒரே இரவில் துருவேறுவது வியப்பன்று. மாங்காயோ தேசிக்காயோ வெட்டிய கத்தியை அப்போதே கழுவித் துடைத்து வைத்தல் வேண்டும். கழுவுதொட்டியில் ஊறவிடுவதே கத்திகளுக்குப் பெருங்கேடு. ஊறும் கத்தி கைகளுக்கும் ஆகாது.

வாங்கும்போது காந்தத்தால் ஒட்டிப் பார்த்து, ஒட்டினாற் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்று முடிவுகட்டுவது சந்தையிலே பரவிய ஒரு சோதனை. அது முற்றிலும் சரியன்று. நிக்கல் கலந்த வகை காந்தத்துக்கு இணங்குவதில்லை. நிக்கல் இல்லாத குரோமிய வகை நன்றாக ஒட்டும். ஆயினும், அதுவும் துருவேறா உருக்கே. மறுபுறம், விலையேறிய நிக்கலுக்குப் பதிலாக மங்கனீசு மிகுத்துச் செய்யும் மலிவு வகையும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. அதுவோ எளிதிற் கறைபடுவது. பாத்திரத்தின் அடியில் 18/8 என்றோ 18/10 என்றோ பொறித்திருந்தால், முதல் எண் குரோமியத்தின் பங்கையும் இரண்டாவது நிக்கலின் பங்கையும் குறிக்கும்.

இவையெல்லாம் சட்டி பானைச் செய்திகள்தாமே என்று எண்ணுவோர்க்குச் சுவிற்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நிகழ்ந்ததைக் கூறவேண்டும். அங்கே ஓர் உள்ளக நீச்சற் தடாகத்தின் மேல், கொங்கிறீற்றுத் தட்டு ஒன்று உட்கூரையாகத் தொங்கவிடப்பட்டிருந்தது. அதனைத் தாங்கியவை துருவேறா உருக்குக் கம்பிகள். தடாக நீரிலிருந்து எழுந்த குளோரீன் கலந்த ஆவி, உட்கூரைக்கு மேலே மனிதர் கண் படாத வெளியிற் புகுந்து அக்கம்பிகளிற் படிந்தது. பாரத்தால் இழுபட்டு நின்ற கம்பிகளிற் குளோரைட்டு நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கியது. 1985 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் உட்கூரை பெயர்ந்து வீழ்ந்தது. நீந்திக்கொண்டிருந்தவர்களிற் பன்னிருவர் மாண்டனர். அத்தடாகத்திலே நீருக்கு இறங்கும் ஏணியும் துருவேறா உருக்கினாலேயே செய்யப்படுவது வழக்கம். நாள்தோறும் நீராற் கழுவப்படும் ஏணிகள் பொதுவாகக் கெடுவதில்லை. யாரும் கழுவாத, யாரும் பார்க்காத இடத்தில் இருந்த கம்பிகளே கெட்டன. அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் நீச்சற் தடாகக் கூரைகளுக்கு இவ்வுருக்கைத் தெரிவுசெய்வதிலும் காலந்தோறும் சோதிப்பதிலும் பொறியியலாளர் மிகுந்த எச்சரிக்கை கொண்டனர்.

வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சைக் கருவிகளைப் பேணும் தாதியர் இதனை நன்கறிவர். இரத்தத்திலும் உப்புண்டு. கருவியில் இரத்தம் உலரும்முன் நல்ல நீரால் அலம்புவதும், சேலைன் கரைசலில் ஊறவிடாதிருப்பதும் அவர்களுடைய பயிற்சியில் அடங்கியவை. கத்தரியின் மூட்டிலே தொடங்கும் ஒரு சிறு குழி கிருமிகளுக்கு உறைவிடமாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அக்கருவி ஐயத்துக்குரியதே.

இனி, இவ்வகைத் தற்காப்பில் உருக்கையும் விஞ்சிய தைத்தேனியம் என்னும் உலோகத்தைப் பார்ப்போம். இதன் கனிமம் இலங்கைக்குப் புதியதன்று. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் இல்மனைற்று, உரூட்டைல் என்னும் கனிமங்கள் செறிந்துள்ளன. இரண்டும் தைத்தேனியம் உடையவை. 1791 ஆம் ஆண்டில் வில்லியம் கிறெகர் என்னும் மதகுரு, இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில் இதைப் போன்ற கரிய மணலை ஆராய்ந்தே இப்புதிய மூலகம் இருப்பதைக் கண்டார். 1795 இல் ஜேர்மானிய இரசாயனரான கிளாப்றோத் அதற்குக் கிரேக்கப் புராணத்து அரக்கரின் பெயரைச் சூட்டினார். மணலிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதோ எளிதாக இல்லை. ஒட்சிசனோடு அது கொண்ட பற்று அத்துணை வலியது. இருபதாம் நூற்றாண்டில், லக்சம்பேர்க்கில் பிறந்த வில்லியம் குரோல் வகுத்த முறையின் பின்னரே அது ஆலைப் பொருளாயிற்று. இன்றும் தைத்தேனியக் கனிமங்களிற் பெரும்பகுதி உலோகமாவதில்லை. சுவருக்குப் பூசும் வெண்ணிற மைக்கே செல்கிறது.

பிரிப்பதற்குத் தடையாக நின்ற அதே பற்றுத்தான் உலோகத்துக்குக் காவலாகவும் அமைகிறது. காற்றுப் பட்ட கணமே தைத்தேனியத்தின்மேல் ஒட்சைட்டுத் தோல் படர்கிறது. உருக்கைத் துளைக்கும் கடல்நீர் இதனைத் துளைப்பதில்லை. உருக்கின் பாரத்தில் ஏறக்குறைய அறுபது வீதமே இதன் பாரம். மனித உடலின் திரவங்களும் உப்புநீரே ஆகையால், முறிந்த எலும்பைப் பொருத்தும் தகடாகவும் செயற்கைப் பல்லின் வேராகவும் இது உடம்பினுள்ளே பல ஆண்டு நிற்கிறது. செயற்கைப் பல்லின் வேர் உடையவர்கள் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். உலோகம் கெடாது என்பதற்காக அதனைச் சூழ்ந்த முரசும் கெடாது என்பதில்லை. மென்மையான தூரிகையால் நாள்தோறும் துலக்குதலும், வைத்தியர் கூறும் காலத்திற் காட்டுதலும் இன்றியமையாதன.

வீட்டில் இவ்வுலோகத்தை மூக்குக்கண்ணாடிச் சட்டத்திலும், கைமணிக்கூட்டிலும், மோதிரத்திலும், பிரயாணிகள் கொண்டுசெல்லும் மெல்லிய குவளையிலும் காணலாம். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து படிந்த அழுக்கே இவற்றின் மங்கலுக்குக் காரணம். இளஞ்சூடான சவர்க்கார நீரும் மென்மையான பற்றூரிகையும் போதும். நீலமும் ஊதாவுமாக நிறம்பெற்ற மோதிரங்களிற் சாயம் பூசப்பட்டிருக்கிறது என்று நினைப்பது தவறு. மின்சாரத்தால் தோலைத் தடிக்கச் செய்து வருவித்த நிறம் அது. வானவில் நிறம் பெற்ற பானையடியின் உறவு. ஆதலால், உராய்பொடியோ பற்பசையோ கொண்டு தேய்த்தால் தோல் மெலிந்து நிறம் மாறிப்போகும். கடையில் விற்கும் துரு நீக்கித் திரவங்கள் சிலவற்றில் ஐதரோபுளோரிக்கமிலம் கலந்திருக்கும். தைத்தேனியத்தின் தோலைக் கரைக்கவல்ல மிகச் சில பொருள்களில் அதுவும் ஒன்று. மனிதத் தோலினூடே புகுந்து எலும்புவரை வருத்துவதும் அதுவே. வீட்டுப் பாத்திரங்களின் அருகே அதற்கு இடங் கொடுக்கக் கூடாது.

தைத்தேனியக் குவளை மிக மெல்லியது. வெப்பம் அதில் எளிதிற் பரவாமையால், தீ பட்ட இடத்திலேயே உணவு கருகும். நீரும் தேநீரும் காய்ச்சுவதற்கு அது ஏற்றது. கஞ்சி காய்ச்சுவதற்கு அத்துணை ஏற்றதன்று. கருகினால், பானைக்குக் கூறிய அப்பச்சோடா வைத்தியமே இதற்கும் பொருந்தும்.

கைமணிக்கூட்டையும் மூக்குக்கண்ணாடியையும் பற்றி ஒரு சிறு செய்தி உண்டு. தைத்தேனியம் என்று பெயரிட்டு விற்கப்பட்டாலும், அவற்றின் ஒவ்வோர் உறுப்பும் தைத்தேனியம் அன்று. பட்டியைக் கோக்கும் ஊசி, சட்டத்தின் சிறு திருகாணி ஆகியவை பெரும்பாலும் உருக்காலானவை. கடலில் நீராடியபின், நீர்புகாததென உறுதியாகத் தெரிந்த மணிக்கூட்டை நல்ல நீரால் அலம்பி, பட்டியின் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். பட்டியின் மூட்டிலிருந்து மணிக்கட்டிலே பழுப்புக் கறை ஒட்டுமாயின், அது தைத்தேனியத்தின் துரு அன்று, ஊசியின் துரு. மணிக்கூடு திருத்துவோரிடம் கொடுத்து அந்த ஊசியை மாத்திரம் மாற்றிக்கொண்டாற் போதும்.